அம்மாவின் புடவையில் ஒரு டச்சுச் சீமாட்டி

1

இந்த வருஷமும் அழைப்பு அட்டை வந்துவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரியின் ஆண்டு விழா நடனம். போன வருஷம் 'வரவில்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கொடுத்தேன், இந்த வருஷமும் அதே. என்னோடு ஒரே வார்டில் வேலை பார்க்கும் ஆன்னெகெ அட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, "வேஷத்துக்கு முதல் பரிசு வாங்கினவளே நீதானே, உனக்கு என்ன வந்தது?" என்று கேட்டாள். முட்டி வலி என்று சொல்லித் தப்பித்தேன். நர்ஸிடமே நர்ஸ் பொய் சொன்னால் நிற்குமா? அவள் என் முட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஹாலந்தில் இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் "அடடா, பாவம்" என்று காபி ஊற்றிக் கொடுப்பார்கள், கூடவே டப்பாவைத் திறந்து ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவார்கள். அதனால்தான் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று தினம் ரயிலில் இடிபட்டுப் போகிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு என் அம்மாவைப் புரியும். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருத்தி இருப்பாள்.

2

அம்மா பெயர் சவுரியம்மா. பழவேற்காடு ரோட்டோரம் எங்கள் ஊர். அப்பா போன பிறகு நாற்று நட்டு, களை பறித்து, என்னையும் தம்பி அந்தோணியையும் வளர்த்தாள். எங்கள் தெருவில் முதன்முதலாக நர்ஸ் படிப்பு படித்தவள் நான். திருவள்ளூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தபோது, அம்மா ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். மாதம் ஒருதரம் ரயில் ஏறி வந்து, வார்டு வாசலில் நின்று, வெள்ளைச் சட்டையில் என்னைப் பார்த்துவிட்டு, பேசாமலே திரும்பிப் போவாள். அது போதும் அவளுக்கு.

அறுபத்தேழில் ஹாலந்துக்கு நர்ஸுகள் வேண்டும் என்று கன்னியாஸ்திரீகள் ஆள் எடுத்தார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். அம்மாவிடம் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன். கேட்டால் விடமாட்டாள் என்று தெரியும். விஷயம் தெரிந்ததும் அவள் கத்தவில்லை, அழவில்லை. கிளம்புகிற அன்று "போய்ட்டு வரேம்மா" என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"போறவ போ. வரேன்னு எங்கிட்ட சொல்லாத."

மூன்று வருஷம் ஐந்தாயிற்று. அதற்குள் கல்யாணம், மீஞ்சூர்க்காரர்தான், கப்பல் பட்டறையில் வேலை பார்க்க வந்தவர். மகள் ஷீலா பிறந்தாள். டிக்கெட், லீவு, பிள்ளை, வேலை என்று ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஒன்று. பத்து வருஷத்தில் ஒருமுறைகூட நான் ஊருக்குப் போகவில்லை. காரணம் எல்லாம் உண்மைதான். இருந்தாலும் போயிருக்கலாம்.

கடிதம் மட்டும் தவறாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அந்தோணி எழுதுவான். 'அன்புள்ள லூர்துக்கு, அம்மா எழுதுவது' என்று தொடங்கும். மழை, ஏரியில் இறால் பாடு, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு. அவ்வளவுதான். என் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் நான் ஒரே கேள்வியைக் கேட்டிருப்பேன்: அம்மா, நான் போனது தப்பா, இன்னும் கோபமா? பத்து வருஷமாகப் பதில் இல்லை. மழை, இறால், கல்யாணம், சாவு. சரியான அழுத்தக்காரி என்று நான் தபால்காரன் காதுபடவே தமிழில் திட்டியிருக்கிறேன்.

3

எழுபத்தேழாம் வருஷ விழாவுக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய உடையில்தான் வரவேண்டுமாம். இந்த ஊர் மியூசியத்தில் அந்தக் காலத்துப் படங்கள் நிறைய. கறுப்பு உடுப்பு, கழுத்தைச் சுற்றி வண்டிச் சக்கரம் மாதிரி வெள்ளைச் சுருக்குப் பட்டை, தலையில் குல்லாய், காதில் முத்து. சீமாட்டிகள் எல்லாரும் பல்வலிக்காரர்கள் போலவே உட்கார்ந்திருப்பார்கள்.

தலைமை நர்ஸ் நல்ல மனுஷிதான். லூர்து மேரி என்ற என் பெயரில் மேரி மட்டும்தான் அவள் வாயில் நுழையும். நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள்: "உனக்குக் கவலையே இல்லை, மேரி. அந்தப் படங்களில் பழத்தட்டு ஏந்திக்கொண்டு ஒரு கறுப்பு வேலைக்காரப் பெண் இருப்பாளே, அப்படி வா. ஒரு தட்டு போதும்."

பக்கத்தில் ஷீலா நின்றுகொண்டிருந்தாள், ஏழு வயசு. டச்சு மொழி என்னைவிட அவளுக்கு நன்றாகப் புரியும். என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்: "எங்கள் ஊருக்குப் பக்கத்தில், பழவேற்காட்டில், அந்தக் காலத்தில் வியாபாரத்துக்கு வந்த உங்கள் ஆட்களின் கல்லறை இருக்கிறது. வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு நிற்கும். சின்ன வயசில் விறகு பொறுக்கப் போய், உங்கள் சீமாட்டிகள் தலைமேல் உட்கார்ந்து நான் புளியங்காய் தின்றிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி எழுந்து வருவாள், பாருங்கள்."

வாய் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான் பயம் பிடித்தது. வாடகை உடுப்புக் கடையில் கேட்டால், பெரிய அளவு எல்லாம் போய்விட்டது, சின்ன அளவு எனக்கு ஏறாது. நானே செய்யவேண்டியதுதான். கழுத்துப் பட்டைக்கு மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி கஜக்கணக்கில் வேண்டும். இங்கே கிடைப்பதெல்லாம் நைலான், கஞ்சி பிடிக்காது. அம்மாவிடம் பூசைக்குக் கட்டும் வெள்ளைப் புடவைகள் இரண்டு மூன்று இருந்தன. பழசு ஒன்று அனுப்பச் சொல்லி எழுதினேன். விழா இன்னது, வேஷம் இன்னது என்று விளக்கமாகவே எழுதினேன். அடியில் பழைய கேள்வியையும் எழுதினேன். பழக்கதோஷம்.

4

அப்போது அந்தோணியும் அம்மாவும் கும்மிடிப்பூண்டிக்குக் குடிமாறியிருந்தார்கள். புதிதாக வந்த தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு ஷிப்டு வேலை. பார்சல் அங்கிருந்துதான் வந்தது. அனுப்புநர் என்ற இடத்தில் அந்தோணியின் கையெழுத்தில் அம்மா பெயர்.

சுங்கக்காரர்கள் தபாலாபீசில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட ஓர் ஆசாமி துணியைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "புதுசா, உடுத்தியதா?" உடுத்தியது என்றேன். "அனுப்பியது யார்?" அம்மா. ஒரு தாளை நகர்த்தினார். அதில் இரண்டு கட்டம். "பரிசா, இறந்தவரிடமிருந்து வந்த உடைமையா? இரண்டுக்கும் தனித்தனிப் படிவம்." எனக்குச் சுருக்கென்றது. நல்ல வேளை, தமிழில் கேட்கவில்லை என்று நினைத்தேன். "பரிசு, பரிசு" என்று இரண்டு தரம் சொல்லிக் குறி போட்டேன்.

புடவைக்குள் கடிதம். தபாலாபீஸ் வாசலிலேயே நின்று படித்தேன். வழக்கமான மழை, இறால். அப்புறம் இது:

'நீ போனது தப்பில்லை லூர்து. நான்தான் வீம்பு பிடித்துவிட்டேன். உன்னை நினைக்காத நாள் இல்லை. இந்தப் புடவையை உன் இஷ்டம் போல வெட்டிக்கொள். சந்தோஷமாக ஆடு.'

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு அழுதேன். ஒரு கிழவர் வந்து, டயர் பஞ்சரா என்று கேட்டார்.

5

அடுத்த இரண்டு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. புடவையை நீளவாக்கில் கையகலப் பட்டைகளாக வெட்டினேன். ஆணியில் மாட்டிக் கிழிந்து அம்மா கறுப்பு நூலால் இழை ஓட்டியிருந்த இடத்தை மட்டும் ஒதுக்கி வெட்டினேன். சீமாட்டி கழுத்தில் ஒட்டுத் தையல் இருக்கலாமா? சோறு வடித்த கஞ்சியைத் துணியில் வடிகட்டி முக்கி எடுத்து, ஈரம் காய்வதற்குள் எட்டு எண் மாதிரி வளைத்து வளைத்து மடிக்க வேண்டும். மடிப்பு படுத்துவிட்டது. லாபரட்டரியில் கெஞ்சி நாற்பது கண்ணாடிக் குழாய் வாங்கி வந்து, மடிப்புக்கு ஒன்றாகச் செருகிக் காயவைத்தேன். நின்றது பாருங்கள், இரும்பு மாதிரி.

கறுப்பு உடுப்பு ஆன்னெகெயின் அம்மாவுடையது, சாவுக்குப் போட்டது. இடுப்பைப் பெரிதாகக் காட்ட ஸ்டாக்கிங்கில் பஞ்சை அடைத்துச் சுற்றிக் கட்டினேன். அது தேவையே இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னார், அன்றைக்கு அவருக்கு முட்டை கிடையாது. காதுக்கு முத்து வேண்டுமே? மீனெண்ணெய் மாத்திரை இரண்டுக்கு வெள்ளை நகச்சாயம் பூசித் தொங்கவிட்டேன். பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டி ஷூவுக்குக் கொக்கி. காலண்டர் அட்டையில் விசிறி. இடுப்பில் சாவிக்கொத்து, பக்கத்து வீட்டு மோட்டார் ஷெட் சாவி உள்பட.

எங்கள் இரண்டாவது பிள்ளை, கைக்குழந்தை பீட்டரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. தலைமை நர்ஸ் எழுந்து நின்று, "வாருங்கள், பழவேற்காட்டுச் சீமாட்டி" என்றாள். பெயரைத் தப்பாகத்தான் உச்சரித்தாள், ஆனாலும் உச்சரித்தாள். ஆடினேன். எனக்கு ஆடத் தெரியாது, இருந்தும் ஆடினேன். தலையைத் திருப்பினால் பட்டை காதில் சரசரக்கும். அம்மா கூடவே இருக்கிற மாதிரி இருந்தது. ஷீலா ஒவ்வொருவரிடமும் போய் "இது என் மம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில்கூட என்னைத் தள்ளி நிற்கச் சொல்லுகிற பெண் அவள்.

முதல் பரிசு கொடுத்துப் படம் எடுத்தார்கள். பல் அத்தனையும் தெரிய நான் சிரிக்கும் படம். மறுநாளே அம்மாவுக்கு அனுப்பினேன். 'உன் புடவை எப்படி இருக்கிறது பார்' என்று பின்னால் எழுதினேன்.

6

பதில் வர வழக்கத்தைவிட நாளாயிற்று. வந்தபோது தொடக்கமே வேறு. 'அன்புள்ள அக்காவுக்கு, அந்தோணி எழுதுவது.'

அம்மா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று நாள் காய்ச்சல். அந்த நேரம் நான் பீட்டரை வயிற்றில் வைத்துக்கொண்டு, டாக்டர் சொல்லி, எழுந்திருக்காமல் படுத்துக்கிடந்தேன். அதற்கு முந்தினது ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அதையெல்லாம் விலாவாரியாக அவனுக்கு எழுதியவள் நான்தான். பிள்ளை பிறக்கட்டும் என்று இருந்திருக்கிறான். பிறந்ததும், பால் வற்றிவிடப் போகிறது, இன்னும் ஒரு மாசம் என்று இருந்திருக்கிறான். மாசம் மாசமாகத் தள்ளிப்போய்விட்டது. நடுவில் என் கடிதம் வந்தால் அம்மா பெயரில் பதில் எழுதியிருக்கிறான். எப்போதும் அவன் கையெழுத்துதானே, எனக்கு எப்படித் தெரியும்?

எங்கள் பக்கம் தாய் போனால், அவள் கோயிலுக்குக் கட்டிய புடவை மூத்த மகளுக்கு. யாரும் கேட்கக்கூட வேண்டாம், எடுத்து வைத்துவிடுவார்கள். எனக்காக எடுத்து வைத்திருந்ததைத்தான், நானே வேஷத்துக்குத் துணி கேட்டதும், சொல்லவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் அனுப்பியிருக்கிறான். 'போட்டோ பார்த்தேன் அக்கா. இதுக்கு மேல என்னால முடியல' என்று முடித்திருந்தான்.

தாய் செத்த செய்தியைக் கேட்டுக் கதறி அழ வேண்டியவள் நான் அழவில்லை. என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? பெட்டியைத் திறந்து, புடவையோடு வந்த கடிதத்தை எடுத்துத் தேதி பார்த்தேன். 'நீ போனது தப்பில்லை' என்ற வரி எழுதப்பட்டபோது அம்மா மண்ணுக்குள்ளே போய்ப் பத்து மாதம். ஒருவேளை முன்னாலேயே சொல்லி, அவன் பின்னால் எழுதியிருக்கலாமே? அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருக்கவேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டேன்.

ஷீலாவிடம் சொன்னேன். அவள் டச்சில், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான், கேட்டாள்: "நீ அவங்களைப் போய்ப் பார்க்கவே மாட்டியே. அப்ப உனக்கு என்ன வித்தியாசம்?"

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. கேள்வி சரிதானே.

7

எழுபத்தெட்டில் நான் மட்டும் ஊருக்குப் போனேன், மூன்று வாரம். பழவேற்காட்டுப் பக்கம் அம்மாவை வைத்த இடத்தில் சிலுவையின் சுண்ணாம்புகூட உதிர ஆரம்பித்திருந்தது. மெழுகுவத்தி காற்றில் நிற்கவில்லை. அங்கேயும் எனக்கு அழுகை வரவில்லை. மனசில் அந்த ஒரு வரிதான். கேட்டுவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன், அந்தோணி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவான், கேட்காமல் விட்டுவிடுவேன். கேட்காதவரைக்கும் அது அம்மாவுடையதாக இருக்கலாம் இல்லையா?

கடைசி நாள், காலை ஷிப்டு முடிந்து வந்தவன் கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். நான் கடிதத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"அந்தோணி, இந்த வரி யாருது?"

கையைத் துடைத்துக்கொண்டு படித்தான். தட்டை ஓரமாக நகர்த்தினான்.

"என்னுதுதான்க்கா."

"அம்மா சொல்லலியா? எப்பனா, கோவத்துலயாவது?"

"இல்லக்கா. நீ எத்தினி வருசமா கேட்டுகினே இருந்தே. ஒவ்வொரு தபாவும் நான் படிச்சி காட்டுவேன். அந்த வரி வந்தா எழுந்து வெளிய பூடும். நான் இன்னா பண்றது? அது போன பின்னாலயும் நீ கேக்கற. ஆடப்போறேன், புடவை குடுன்னு வேற எழுதற. பேஜாரா பூட்ச்சு. அதான் எழுதிட்டேன்." கடிதத்தை என் பக்கம் தள்ளினான். "தப்புதான்க்கா. செருப்பால அடி."

உள்ளே இருந்து அவன் பெண்சாதி எலிசா சொன்னாள்: "அத்தையும்தான் இன்னா பண்ணும் அண்ணி? அதுக்கு அந்த மாதிரி பேச வராது."

நான் கடிதத்தை மடித்து வைத்தேன். அப்புறம், ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, "கடசியா எனக்கு இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டேன். பதினோரு வருஷம் கழித்து என் வாயில் 'இன்னா' வந்தது.

"கடசியா..." என்று யோசித்தான். "ஜொரம் வந்த மொத நாளு உனக்கு லெட்டர் எழுத குந்தினேன். அக்காவுக்கு இன்னா எழுதட்டும்மான்னேன். ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சுன்னு எழுதுடான்னுச்சு. ரயில் ரோட்டோரம் ஒரு ஆடு கட்டி வெச்சிகினு இருந்துச்சுக்கா, இங்க வந்தும் உடல."

"அத்த எழுதினியா?"

"இல்லக்கா. நீ அங்க படுத்துகினு கீற. இதெல்லாம் ஒரு சேதியான்னு உட்டுட்டேன்."

"குட்டி இன்னா நெறம்?"

அவனுக்கு நினைவில்லை. உள்ளே பார்த்து, "எலிசா, குட்டி இன்னா நெறம்?" என்று கேட்டான். "ஒண்ணு கருப்பு, ஒண்ணு செவலை. காதுல மட்டும் வெள்ள. அத்தை அத்த சொல்லி சொல்லி சிரிக்கும்" என்று அவள் சொன்னாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. தரையில் உட்கார்ந்து, தொண்டை கிழிய, அம்மா அம்மா என்று, ஊரில் எப்படி அழுவார்களோ அப்படி அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். இன்றைக்கு இன்னா ஆச்சு, யாருக்கு இன்னா ஆச்சு என்று கேட்டார்கள். அம்மா பூட்டாங்க என்றான் அந்தோணி. அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் பெண்கள் இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொண்டு கூட அழுதார்கள்.

எல்லாரும் போன பிறகு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவன் எதிரில் ஒரு தாளையும் பேனாவையும் வைத்தேன்.

"அத்த இப்ப எழுதிக் குடு. அது சொன்னத மட்டும் எழுது. நீயா ஒரு எழுத்து சேக்காத."

அந்தோணி என்னைப் பார்த்தான். அப்புறம் குனிந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி எழுதினான்.

'அன்புள்ள லூர்துக்கு, அம்மா எழுதுவது. ஆடு இரண்டு குட்டி போட்டது.'

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அம்மா எனக்கு எழுதிய கடைசிக் கடிதம் அதுதான்.